அணியத்தில் நின்றவனின் சாட்சி

பள்ளிவாசல்துறையில் போய் நஸீரை விசாரித்தால், "எந்த நஸீர், பறக்கிற நஸீரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நாற்பத்துநாலு வயதில் ஒருவன் படகை விட்டுவிட்டு ஆகாயத்தில் ஏறப் போனால் ஊர் சிரிக்காமல் வேறென்ன செய்யும்? நஸீர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் மனைவி ஜுனைதாதான் அந்தச் சிரிப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பறக்கிறது என்றால் பெரிய விமானம் ஒன்றும் இல்லை. மூன்று சில்லு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, முதுகுப் பக்கம் காற்றாடியோடு ஒரு எஞ்சின், தலைக்கு மேலே துணி இழுத்துக் கட்டிய சிறகு, அவ்வளவுதான். கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஊரார் அதற்குப் பறக்கிற ஓட்டோ என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் நடுவில், கொழும்புக்காரர் ஒருவர் தென்னங்காணி ஒன்றைத் துப்புரவாக்கி, புல்லும் மணலுமாக ஓர் ஓடுபாதை போட்டு, ஓலைக் கொட்டில் ஒன்றும் கட்டினார். டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், கடலையும் களப்பையும் பாலாவி உப்பளங்களையும் மேலே இருந்து காட்டி இறக்கிவிடுவது அங்கே தொழில்.

நஸீர் அங்கே பறக்கப் போகவில்லை, புல் வெட்டப் போனான். தோள் கெட்டுப்போன மீனவனை வேறு எவர் வேலைக்கு எடுப்பார்கள்? சின்ன வேலைகளுக்கு அந்தத் தோளில் பழுதில்லை. வலை இழுக்கத்தான் முடியாது. மீனவனால் வலை இழுக்க முடியாவிட்டால் அவன் கரையில் நின்று மற்றவர்களின் மீனைப் பார்க்க வேண்டியதுதான். நஸீருக்கு அது பிடிக்கவில்லை.

தோள் கெட்ட கதையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அதைச் சொல்லாமல் இவனுடைய மற்றக் கதை எதுவும் விளங்காது.

நஸீரும் அவனுடைய அக்கா மர்ஷூதாவின் கணவர் ரிஷாதும் ஒரு படகைச் சேர்ந்து வைத்திருந்தார்கள். ரிஷாத் பின்னால் எஞ்சின் பிடிப்பார். நஸீர் முன்னால் அணியத்தில் நிற்பான். மேற்குக் கரையில் ஆகஸ்ட் மாதத்தில் அலை உடைக்கிற நேரம் படகைக் கரை சேர்ப்பது விளையாட்டு அல்ல. அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். பெரிய அலை ஒன்று கடந்ததும் அதன் முதுகில் ஏறி, எஞ்சினை முழுதாகத் திறந்து, ஒரே ஓட்டமாக மணலில் ஏற்ற வேண்டும். கடைசி நொடியில் எஞ்சினைத் தூக்கிவிடுவார்கள். இதில் எல்லோரும் உம்மாவின் மடியிலேயே கற்றுக்கொண்டது போல வைத்திருக்கிற விதி ஒன்று உண்டு: ஓட்டம் தொடங்கினால் திருப்பக் கூடாது. திருப்பினால் படகு குறுக்கே விழும், பின்னால் வருகிற அலை அதைப் புரட்டிப் போடும். அணியத்தைத் திருப்பினவன் என்று ஒருவனைச் சொன்னால் அதற்குப் பிறகு அவனிடம் எஞ்சினைக் கொடுக்க ஆள் இருக்காது.

ஐந்து வருடத்துக்கு முந்திய ஆகஸ்டில், தலவில வேதக்கோயில் திருநாள் நேரம், காற்று இவர்களை வழக்கமான இடத்தில் கரை சேர விடவில்லை. தள்ளிக்கொண்டு போய்த் திருநாள் சனம் கூடுகிற கரைக்குக் கிட்டக் கொண்டுவந்து விட்டது. மழைத் தூறல் வேறு. ரிஷாத் அலை பார்த்து எஞ்சினைத் திறந்தார். படகு ஓடியது. பாதி ஓட்டத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல், பிடியைத் தள்ளிப் படகைத் திருப்பினார். அடுத்த அலை அதைத் தூக்கிக் கவிழ்த்தது. எஞ்சின் போனது. படகு நடுவில் வெடித்துப் பிளந்தது. படகின் விளிம்பு நஸீரின் தோளில் இறங்கியது. உயிர் தப்பியதே அல்லாஹ்வின் கிருபை என்று ஊரில் சொன்னார்கள்.

பிறகு மீனவர் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். தண்ணீருக்குள் ஆட்கள் குளித்துக்கொண்டு நின்றார்கள், அதனால்தான் திருப்பினேன் என்றார் ரிஷாத். அப்படிக் குளித்தவர்கள் என்று ஒருவரும் முன்வந்து சொல்லவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த யாத்திரிகர்கள், அன்றைக்கே பஸ் ஏறிப் போயிருப்பார்கள். அப்போது சங்கத் தலைவர் நஸீரைப் பார்த்தார். தோளில் கட்டோடு எழுந்து நின்று நஸீர் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நான் அணியத்தில நிண்டவன். முன்னுக்கு ஒருத்தரும் இல்ல."

அணியத்தில் நின்றவனின் சாட்சிக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? விசாரணை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு ரிஷாதை எஞ்சின் பிடிக்க எவரும் கூப்பிடவில்லை. அவர் பாலாவியில் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினார். நஸீர் அக்கா வீட்டு வாசலைப் பெருநாளைக்குப் பெருநாள் மிதித்தான். ஸலாம் சொல்வான், மர்ஷூதா கொடுக்கிற வட்டிலப்பத்தைச் சாப்பிடுவான், மச்சானோடு ஒரு சொல் கதைக்காமல் வந்துவிடுவான். நஸீர் பொய் சொன்னான் என்று எவரும் நினைக்க வேண்டாம். அவன் பொய் சொல்கிற ஆள் அல்ல. கண்ணால் கண்டதைச் சொன்னான், அதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு பயந்தாங்கொள்ளி தன் தோளைக் கெடுத்துவிட்டு அதற்கு ஒரு கதையும் கட்டினான் என்று அவன் மனம் கொதித்தபடியே இருந்தது.

இனி ஆகாயத்துக்கு வருவோம்.

கொட்டிலில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன் பஸ்தியான். சிலாபத்துப் பையன், முப்பது வயதுதான் இருக்கும். ஒருநாள் எஞ்சின் திருத்திய பிறகு பரீட்சித்துப் பார்க்கப் போனபோது, பாரத்துக்கு ஓர் ஆள் வேண்டுமென்று நஸீரை ஏற்றினான். மேலே போனதும் சும்மா ஒரு விளையாட்டாக, நெஞ்சுக்கு முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள் என்றான். அந்தக் கம்பியில் ஒரு சூட்சுமம் உண்டு. வலப்பக்கம் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகினவர்கள் இதில் தடுமாறி, முதல் நாள் முழுக்கப் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பார்கள். நஸீர் எடுத்த எடுப்பிலேயே சரியாகத் திருப்பினான். படகு எஞ்சின் பிடியும் அப்படித்தான். வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். கரை சேர்க்கிற நேரம் தவிர மற்ற நேரத்தில் அவனும் எஞ்சின் பிடித்தவன்தான்; சின்ன வயது முதல் கையில் இருக்கிற பழக்கம்.

பஸ்தியான் கீழே இறங்கியதும் கொழும்பு முதலாளிக்கு ஃபோன் போட்டான். முதலாளிக்கும் அது தோதாகப் பட்டது. வெளியூர் ஓட்டிகள் ஒரு பருவம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊர் ஆள் என்றால் நிலையாக நிற்பான். கற்றுக்கொடு, ஏப்ரலில் தென்மேற்குக் காற்று தொடங்க முதல் தனியாக விடக்கூடிய அளவுக்கு வந்தால் அடுத்த பருவம் வேலை அவனுக்கு, வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்றார்.

நஸீருக்கு அது வேண்டும். கூச்சமில்லாமல் சொல்வதானால், அதற்கு அவன் ஆலாய்ப் பறந்தான். முதல் தடவை மேலே போய், களப்பு ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமும் கிடக்க, நடுவில் தன் ஊர் ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்தபோது, தோள் வலியை ஐந்து வருடத்தில் முதல் தடவையாக மறந்தான். ஜுனைதா, மண்ணில் கால் வைத்துச் செய்கிற வேலை ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மறுநாள் ஸுபஹுத் தொழுதுவிட்டு வந்தவனுக்கு நல்ல சேர்ட் ஒன்றை மடித்து வைத்திருந்தாள்.

மரியாதையில் ஓர் ஒழுங்கும் செய்துகொண்டார்கள். தரையில் பஸ்தியான் அவனை நஸீர் நானா என்பான், இவன் தம்பி என்பான். வண்டியில் ஏறிப் பட்டி கட்டிக்கொண்டால் பஸ்தியானை 'சேர்' என்று கூப்பிடுவான். நஸீரே வைத்த ஒழுங்கு இது. தம்பி என்று நான் கூப்பிடுகிறவன் சொன்னால் எஞ்சின் மிதிக்கிற என் கால் கேட்காது என்றான்.

கால் கேட்கவில்லை என்பதுதான் பிறகு பெரிய பிரச்சினையாகப் போனது.

பறப்பது லேசு, இறங்குவதுதான் வேலை என்று பஸ்தியான் நாள்தோறும் ஓதினான். ஓடுபாதைக்கு நேரே வந்து, கம்பியை நெஞ்சோடு இழுத்து வைத்து, வேகம் குறையாமல் இறங்கி வர வேண்டும். தென்னைமர உயரத்துக்குக் கீழே வந்தால் காற்று மெலிந்துபோகும். அங்கே வேகம் இல்லாவிட்டால் வண்டி பொத்தென்று அமரும். நிலத்துக்குக் கிட்ட, ஓர் ஆள் உயரத்தில், கம்பியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். அப்போது சிறகு நிமிர்ந்து, வண்டி நிலத்தோடு ஒட்டினாற்போல் ஓடி, பின்சில்லு இரண்டும் முதலில் தொடும். எல்லாம் சரி, எப்போது தள்ளுவது? கண்தான் சொல்லும். கண்ணை ஓடுபாதையின் அந்தத் தொங்கலில், அதாவது கடைசி முனையில், வைத்தால் நிலம் இரண்டு பக்கமும் விரிந்து எழும்புவது தெரியும். முன்சில்லுக்குக் கீழே பார்த்தால் புல் பறக்கிறதுதான் தெரியும், உயரம் தெரியாது.

நஸீர் முன்சில்லுக்குக் கீழே பார்த்தான். பின்னே? அணியத்தில் நிற்கிறவன் அங்கேதானே பார்ப்பான்? அலையின் அடியில் கல் இருக்கிறதா, வலைத்தடி இருக்கிறதா என்று பார்க்கிறது அவன் வேலை. அதனால் ஒருநாள் முந்தித் தள்ளுவான், வண்டி ஆள் உயரத்தில் தொங்கி நின்று விழும். ஒருநாள் பிந்தித் தள்ளுவான், முன்சில்லு குத்தித் துள்ளும். எஞ்சின் பார்க்கிற இனாஸ் கொட்டில் வாசலில் நின்று, தவளை வந்திட்டுது என்று சத்தம் போடுவான். இனாஸுக்கு வாயில் பூட்டு கிடையாது.

ஜனவரியில் கழுதைக் கதை நடந்தது. கற்பிட்டியில் கழுதைகளுக்குச் சொந்தக்காரனும் இல்லை, கூச்சமும் இல்லை. நினைத்த இடத்தில் நிற்கும். அன்றைக்கு இறங்கி வருகிற நேரம் மூன்று கழுதைகள் ஓடுபாதை நடுவில் நின்றன. மேலே போங்க, மேலே போங்க என்று பின் இருக்கையில் இருந்து பஸ்தியான் கத்தினான். இறங்க முடியாத நேரத்தில் எஞ்சினை முழுதாகக் கொடுத்து, தரையைத் தொடாமல் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. வலக்காலால் மிதித்தால் எஞ்சின் கூடும். நஸீரின் கால் மிதிக்கவில்லை. பஸ்தியான் பின்னால் இருந்து கம்பியைப் பிடுங்கப் பார்த்தான், வலை இழுத்த கையோடு அவனுக்கு ஏலவில்லை. வண்டி குத்தி, துள்ளி, சறுக்கி, ஒரு கழுதையின் வாலுக்கு அருகில் சிறகை வைத்துக்கொண்டு நின்றது. கழுதை அசையவே இல்லை.

பஸ்தியான் பட்டியை அவிழ்த்துக் கீழே குதித்தான். தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுதை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டான். எந்தக் கழுதை என்றான் நஸீர். அவன் நடிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, இது இப்ப வந்தது, நான் இறங்கேக்க ஓடுபாதை காலியா இருந்தது என்றான்.

இனாஸ் கொட்டிலில் இருந்து எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்திருந்தான். தவளை பாய்வதை வீட்டில் காட்டிச் சிரிக்க வேண்டுமே. படத்தைப் போட்டுக் காட்டினான். வண்டி தென்னைக்கு மேலே தெரிய முதலே கழுதைகள் மூன்றும் நிற்கின்றன. வண்டி இறங்குகிறது. முன் இருக்கையில் இருக்கிறவனின் தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டிருக்கிறது. நஸீர் அதை இன்னொரு தடவை போடச் சொன்னான். பிறகு இன்னொரு தடவை. இனாஸே சிரிப்பை நிறுத்திவிட்டு, பேட்டரி போகிறது நானா என்றான்.

அன்று பஸ்தியான் சொன்னதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"நானா, கண்ணப் பழக்கலாம். கால்தான் எனக்குப் பயம். நான் சொல்லாம, நீங்களா ஒருக்கா இறங்காம மேல போகணும். அந்த நாள் வரைக்கும் தனிய விட மாட்டன்."

திருப்பினால் கவிழும் தம்பி என்றான் நஸீர். அது படகு நானா, இது திருப்பினாத்தான் தப்பும் என்றான் பஸ்தியான்.

சொல்வது லேசாகப் போய்விட்டது. பெப்ரவரி முழுக்கப் பழகினார்கள். கண் நிமிர்ந்தது. தொங்கலைப் பார், தொங்கலைப் பார் என்று நஸீர் தனக்குத்தானே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருவான். இறக்கம் பட்டுப் போல வந்தது. இனாஸுக்குத் தவளையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பஸ்தியான் மேலே போகச் சொன்னால் கால் இரும்பாய்க் கனத்தாலும் மிதித்துவிடுவான். ஆனால் தானாக ஒரு தடவைகூட அவன் மிதிக்கவில்லை. காற்று குறுக்கே அடித்த நாளில் இறக்கினான். உயரம் கூடிப்போய்ப் பாதி ஓடுபாதை தாண்டிய நாளிலும் அடம்பிடித்து இறக்கினான். பஸ்தியான் ஒன்றும் பேசாமல் பின்னால் இருந்து இறங்கிப் போவான். அதைவிட ஏசியிருக்கலாம் என்று நஸீர் ஜுனைதாவிடம் சொன்னான். மார்ச் மாதமும் வந்துவிட்டது, பருவம் முடியப் போகிறது, வேறு ஓட்டி ஒருவனோடு முதலாளி கதைப்பதாகக் காதில் விழுந்தது. இந்த மனிதன் சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்துகொண்டு வலக்காலை மிதித்து மிதித்துப் பார்ப்பதை ஜுனைதா கண்டாள்.

அந்த ஓடுபாதையின் நடுவில் ஒரு மேடு உண்டு. அதிகம் இல்லை, ஓர் ஆள் உயரம் இருக்கும். ஆனால் கொட்டிலில் நிற்கிறவனுக்கு அதற்கு அப்பால் உள்ள தொங்கல் தெரியாது. தொங்கலுக்குக் குறுக்கே வெங்காயத் தோட்டங்களுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அதில் போகக் கூடாது என்று பலகை வைத்தும் சனம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

மார்ச் நடுவில் ஒரு காலை. காற்றில்லை, கழுதையில்லை, வெயில் இளசு. இறக்கத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. நஸீர் கம்பியை நெஞ்சோடு வைத்து, கண்ணைத் தொங்கலில் வைத்து இறங்கி வந்தான். தென்னைக்குக் கீழே வந்தாயிற்று. கம்பியைத் தள்ளப் போகிற நேரம் தொங்கலில் கறுப்பாக ஒன்று அசைந்தது. குடை. குடைக்குக் கீழே ஒரு பெண். மேடு இடையில் வருவதால் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தாள். அவள் நடந்துகொண்டிருந்தாள், வண்டியின் பக்கம் பார்க்கவில்லை.

நஸீரின் வலக்கால் இறங்கியது. அவன் நினைத்து மிதிக்கவில்லை. மிதித்த பிறகுதான் மிதித்தது தெரிந்தது. எஞ்சின் முழக்கத்தோடு வண்டி நிமிர்ந்து எழும்பியது. சத்தத்தில் அந்தப் பெண் குடையோடு ஓடித் தென்னைக்குள் மறைந்தாள். வண்டி தொங்கலைத் தாண்டுகிறபோது கீழே ஓலையும் நிழலும் மட்டும்தான்.

இரண்டாம் சுற்றில் இறக்கி நிறுத்தியதும், ஏன் மேலே போனீர்கள் என்று பஸ்தியான் கேட்டான். தொங்கலில் ஓர் ஆள் என்றான் நஸீர். பஸ்தியான் காணவில்லை, பின் இருக்கையில் இருக்கிறவனுக்கு முன் இருக்கிறவனின் தலைக்கவசம்தான் தெரியும். ஆனால் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன நானா. நீங்களா மேல போனீங்க. நாளைக்குத் தனிய ஓடுங்க."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. நஸீர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குள் இனாஸ் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கொட்டிலில் இருந்து பிடித்த படம். ஓடுபாதை வெறிச்சென்று கிடக்கிறது, வண்டி இறங்குகிறது, காரணமே இல்லாமல் பயந்தடித்துக்கொண்டு மேலே போகிறது. பார்த்தீர்களா, ஒரு குஞ்சு குருவி இல்லை, தனியாகப் போகிற ஆசையில் நானா ஓர் ஆளைப் படைத்துவிட்டார் என்றான் இனாஸ். புல் வெட்டுகிறவன், சமையல்காரன் எல்லோரும் சிரித்தார்கள். பகிடிதான். எவர் மனத்திலும் வஞ்சகம் இல்லை.

நஸீரின் முகம் கறுத்துப் போனது. நான் பொய் சொல்ல மாட்டேன், குடை பிடித்துக்கொண்டு போனாள் என்றான். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் சிரித்தார்கள். பஸ்தியான், விடுங்க நானா, அது முக்கியமில்லை என்று தோளைத் தட்டினான். முக்கியமில்லையா? நஸீர் ஓடுபாதை முழுக்க நடந்து தொங்கலுக்குப் போனான். மணலில் கால்தடம் தாராளமாக இருந்தது. பெண் தடம், ஆண் தடம், சைக்கிள் தடம், கழுதைக் குளம்பு. தினம் சனம் போகிற வழியில் வேறு என்ன இருக்கும்? அவற்றில் எது அவள் தடம் என்று அவன் எப்படிக் காட்டுவான்? கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். வெயில் ஏறியதும் திரும்பி வந்தான்.

அடுத்த நாள் அவனைத் தனியாக விட்டார்கள். பின் இருக்கையில் பாரம் இல்லாததால் வண்டி சட்டென்று தூக்கியது. நஸீர் பிஸ்மி சொல்லி ஏறினான், ஒரு குறையும் இல்லை. கடல் பக்கமாகத் திரும்பிக் கரைக்குச் சமாந்தரமாக வந்தபோது, கொஞ்சம் தள்ளித் தலவிலக் கரை தெரிந்தது. ஆகஸ்டைப் போல மார்ச்சிலும் அங்கே திருநாள்; வந்த சனம் கோயிலைச் சுற்றிக் கூடாரம் அடித்திருந்தது; பிள்ளைகுட்டிகளோடு கடலில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலைகள் மட்டும், மிளகு தூவினாற்போல. அலை ஒன்று எழும்பினால் தலைகள் இல்லை. அலை தாழ்ந்தால் இருக்கின்றன. மறுபடி அலை, மறுபடி இல்லை. நஸீர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஆகஸ்ட் அலை இதைவிடப் பெரிது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறக்கம் நன்றாக அமைந்தது. கண் தொங்கலில், கம்பி மெல்ல முன்னால், பின்சில்லு இரண்டும் தொட்டது தெரியாமல் தொட்டன. பஸ்தியான் கட்டிப்பிடித்தான். இனாஸ் பட்டர் கேக் வாங்கி வைத்திருந்தான். நேற்றுச் சிரித்ததற்கு இது என்று சொல்லி ஒரு பெரிய துண்டை இவன் வாயில் திணித்தான். நஸீர் எல்லோருக்கும் சிரித்துக் காட்டினான். மீதிக் கேக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் ஜுனைதாவிடம் கொடுத்தான். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாள்.

அஸர் தொழுதுவிட்டு அவன் அக்கா வீட்டுக்குப் போனான். பெருநாள் இல்லாத ஒரு நாளில் தம்பி வாசலில் நிற்பதைக் கண்டு மர்ஷூதா திடுக்கிட்டாள். யாரும் மவுத்தாகிப் போய்விட்டார்களா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை ராத்தா, மச்சான் வருகிற வரைக்கும் இருக்கிறேன் என்றான். அவள் மேலும் கேட்காமல் கதிரை ஒன்றைப் போட்டாள்.

பாலாவி பஸ்ஸில் வந்து இறங்கிய ரிஷாத், முற்றத்துக் குழாயடியில் உப்புப் பூத்த காலைக் கழுவத் தொடங்கினார். நஸீரைக் கண்டதும் தலையை அசைத்தார், அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் மனிதர் வற்றிப் போயிருந்தார். உப்பளத்து வெயில் ஆளைச் சுண்ட வைத்துவிடும். நஸீர் எழுந்து குழாயடிக்குப் போனான். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்தவன்தான். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மச்சான், அண்டைக்கு எத்தின பேர் நிண்டாங்க?"

ரிஷாத் குழாயை மூடினார். யோசிக்கவில்லை.

"நாலு. மூணு பெரியாக்கள். ஒரு சின்னப் புள்ள, செவப்புச் சட்ட."

வாசலில் நின்ற மர்ஷூதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அவளும் இன்றைக்குத்தான் கேட்கிறாள். இவ்வளவு விபரமாகத் தெரிந்தால் சங்கத்தில் ஏன் சொல்லவில்லை என்று நஸீர் கேட்டான்.

"எத்தின பேரெண்டு ஒருத்தரும் கேக்கல்லயே. ஆக்கள் இருந்தாங்களா இல்லயா எண்டுதான் கேட்டாங்க. அதுக்கு நீ பதில் சொல்லிட்டாய்."

குற்றம் சாட்டுகிற குரலே அதில் இல்லை. இருந்திருந்தால் நஸீருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தான் கீழே பார்த்துக்கொண்டு நின்றதை அவன் சொன்னான். கழுதைக் கதையைச் சொன்னான், நேற்றைய குடைக்காரியைச் சொன்னான், மேட்டைச் சொன்னான், ஃபோன் படத்தைச் சொன்னான். ரிஷாத் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பொம்பிளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். இல்லை, ஓடித் தப்பிவிட்டாள் என்றான் நஸீர். அப்படி ஒருத்தி இருந்தாளா என்று ரிஷாத் கேட்கவில்லை.

"அணியத்தில நிக்கிறவன் கீழதான் பாக்கணும்," என்றார். "அது உன்ட வேல. தூரம் பாக்கிறது என்ட வேல."

மர்ஷூதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூவரும் குடித்தார்கள். மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்ல நேரம் கிட்டியது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடியச் சங்கத்தில் எல்லோரும் இருப்பார்கள், அங்கே எழும்பிச் சொல்லப் போகிறேன் என்றான் நஸீர். என்ன சொல்வாய் என்று ரிஷாத் கேட்டார். நான் பார்க்கவில்லை, இல்லை என்று சொன்னது பிழை, மச்சான் கண்டது சரி என்று சொல்வேன் என்றான்.

ரிஷாத் கோப்பையைக் கீழே வைத்தார். வேண்டாம் என்றார். ஐந்து வருடம் போய்விட்டது, சனம் மறந்துவிட்டது, இனி எவர் எஞ்சின் கொடுக்கப் போகிறார், உப்பளம் பழகிவிட்டது, சும்மா கிடக்கிறதைக் கிளறி உனக்கும் அவமானம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரே மூச்சில் மச்சான் இவ்வளவு கதைத்து நஸீர் கேட்டதே இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டான்.

படலையைத் திறக்கிற நேரம் பின்னால் இருந்து குரல் வந்தது.

"நஸீர்."

திரும்பிப் பார்த்தான். ரிஷாத் கதிரையில் அப்படியே இருந்தார். கண் நிறைந்திருந்தது.

"சொல்லு. நாலு பேரெண்டு சொல்லு. செவப்புச் சட்டயயும் சொல்லு."

ஓம் மச்சான் என்றான் நஸீர்.